கை படும் இரண்டு இடங்கள்: ஜாகுவார் ஈ-டைப்பின் மர ஸ்டீயரிங்கும் மாஸ் கியர்பாக்ஸும்

1961 மார்ச் மாதம். ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் முதன்முதலாக உலகத்தின் கண்ணில் படுகிறது. காரில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் வரிசை கட்டுகிறார்கள். கையில் இருந்த ஒரு கார் போதவில்லை. இன்னொன்றை உடனே கொண்டுவரச் சொல்லி இங்கிலாந்தின் கவென்ட்ரி ஆலைக்குத் தகவல் போகிறது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், 77 ஆர்டபிள்யூ என்ற எண் கொண்ட பச்சை நிறத் திறந்த காரை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பி, சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஈ-டைப் பற்றிப் பேச வரும் எல்லோரும் சொல்லும் கதைதான் இது. எனக்கு அந்த இரவில் அவருடைய கைகள் எங்கே இருந்தன என்பதுதான் முக்கியம். வலக்கை மர வளையம் போட்ட ஸ்டீயரிங்கில். இடக்கை, வேண்டும்போதெல்லாம், கியர் தண்டில்.

மால்கம் சேயர் வடிவமைத்த உடல் புதிது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் என்று காலத்துக்கு முந்திய வேலைகள் அதில் நிறைய. கியர்பாக்ஸ் மட்டும் பழைய ஆள். பர்மிங்காமைச் சேர்ந்த மாஸ் கியர் கம்பெனி செய்து கொடுத்த நான்கு கியர் பெட்டி அது. 1948-ல் வந்த எக்ஸ்கே120 காரிலேயே இதே குடும்பத்துப் பெட்டிதான் இருந்தது. ஸ்டீயரிங் வளையமும், பிளாஸ்டிக் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், மரம்.

இன்று ஒரு ஈ-டைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைகிறவர்கள் பெயின்ட்டுக்கும் எஞ்சினுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறார்கள். இந்த இரண்டு உறுப்புகளுக்கும் நடப்பது வேறு. ஸ்டீயரிங்கைத் தேய் தேய் என்று தேய்த்து, கண்ணாடி போல வார்னிஷ் அடித்து, வேறொரு பொருளாக்கி விடுகிறார்கள். கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐந்து கியர் பெட்டி மாட்டுகிறார்கள். காரைப் பார்க்கிறவருக்கு உடலும் நிறமும் போதும். ஓட்டுகிறவருக்குக் கார் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்கள்தான். அதனால்தான் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

மரம் ஏன், மரம் எப்படி

மோட்டார் காரின் ஆரம்ப நாட்களில் ஸ்டீயரிங் வளையம் மரத்தில் இருந்தது இயல்பான விஷயம். வண்டி செய்தவர்களே கார் உடலும் செய்தார்கள். பிறகு கடின ரப்பரும் பிளாஸ்டிக்கும் வந்து மரத்தை ஓரங்கட்டின. 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த என்ரிகோ நார்டி, அலுமினியக் கைகளும் (நடு மையத்தையும் வளையத்தையும் இணைக்கும் பட்டைகள்) மர வளையமும் கொண்ட ஸ்டீயரிங்குகளைச் செய்யத் தொடங்கினார். ஃபெராரி 250 வரிசைக் கார்களில் அவை இடம்பெற்ற பிறகு, மர ஸ்டீயரிங் என்றாலே வேகமான கார் என்று அர்த்தமாகிவிட்டது. ஈ-டைப்பின் மூன்று கை ஸ்டீயரிங் அந்தக் காற்று வீசிய காலத்தில் பிறந்தது.

அழகு மட்டும் காரணமில்லை. மரம் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். வெயிலில் நின்ற காரிலும் உலோகம் போலச் சுடாது, குளிரில் விரல் மரத்துப்போகாது. அன்றைய பளபளப்பான பிளாஸ்டிக் வளையங்கள் வியர்த்த கையில் வழுக்கும். மரம் அந்த அளவுக்கு வழுக்காது.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. மர ஸ்டீயரிங்கில் பலத்தைத் தருவது மரம் இல்லை. வட்ட அலுமினியத் தகடு ஒன்று முழு வளையத்துக்குள்ளும் முதுகெலும்பு போல ஓடுகிறது. கைகளும் நடு மையமும் அதோடு சேர்ந்தவை. மரம் அந்தத் தகட்டின் இரு பக்கமும் ஒட்டப்பட்ட போர்வை. அந்தப் போர்வையையும் ஒரே பலகையில் வட்டமாக அறுத்து எடுக்க முடியாது. எடுத்தால் வட்டத்தின் இரண்டு பக்கங்களில் மரத்தின் நார் குறுக்கே வந்துவிடும். அந்த இடத்தில் லேசாக அழுத்தினாலே பிஸ்கட் போல ஒடியும். இது எந்த ஆசாரிக்கும் தெரிந்த விஷயம். ஆகவே வளையத்தைப் பல வில் துண்டுகளாக வெட்டி, நார் எப்போதும் வளையத்தின் போக்கிலேயே ஓடும்படி இணைப்பார்கள். அல்லது மெல்லிய பட்டைகளை வளைத்து அடுக்கி ஒட்டுவார்கள். எந்த முறையானாலும் ஒட்டு நிறைய. பழுதும் அங்கேதான் தொடங்கும்.

ஏன் ஒட்டு விடுகிறது? மரமும் அலுமினியமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அலுமினியத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அது வெப்பத்தில் விரியும். கோடை வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் நிற்கும்போது உள்ளே மரம் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, உலோகம் விரியப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அந்த மெல்லிய பசைக் கோடு. அறுபது வருடம் இந்த இழுபறி நடந்தால் எந்தப் பசையும் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கும்.

வார்னிஷ் உரிவதற்குக் காரணம் வேறு. சூரியனின் புற ஊதாக் கதிர் தெளிவான வார்னிஷைத் தாண்டி உள்ளே போய், மரத்தின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மேல்தோல் நன்றாகத்தான் இருக்கும். அது பிடித்துக்கொண்டிருந்த மரப்பரப்பு தூளாகிவிடும். அதனால்தான் வெயில் படும் மேல் வளைவில் வார்னிஷ் செதில் செதிலாகப் பெயர்கிறது. பக்கவாட்டில் நடப்பது தேய்மானம். அங்கே கைகளின் வியர்வையும் எண்ணெயும் ஊறி மரம் கறுத்திருக்கும். ஒரு பழைய ஸ்டீயரிங்கைப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் எங்கே பிடித்து ஓட்டினார் என்று சொல்லிவிடலாம்.

தேய்க்கும் முன்

காரிலிருந்து ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, மையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். பல் வரிசை ஒன்று தவறினாலும் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். இறுகிப் போயிருந்தால் புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுக்க வேண்டுமே தவிர, பின்னாலிருந்து சுத்தியால் தட்டக் கூடாது.

முதல் கேள்வி இது பத்திரமா என்பதுதான். விரல் முட்டியால் வளையம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை பொள்ளலாக மாறும். இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் தளர்ந்த மரம் 'கிறிச்' என்று சொல்லும். அலுமினியக் கைகளில், குறிப்பாக மையத்தோடு சேரும் இடத்திலும் துளைகளின் விளிம்பிலும், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஊடுருவும் சாயம் பூசிப் பார்க்க வேண்டும். விபத்தில் வளைந்த ஸ்டீயரிங்கை நிமிர்த்தி மீண்டும் மாட்டுவது தவறு. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த அலுமினியத்தை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது. அசல் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் மரியாதை அந்த எல்லையில் நின்றுவிடுகிறது. அந்த ஸ்டீயரிங் சுவரில் தொங்கலாம், காரில் வேண்டாம்.

பத்திரம் என்று தெரிந்தால் வேலை பொறுமையானது, கடினமானது இல்லை. விட்டுப்போன ஒட்டுகளில் பழைய பசைத் தூளைச் சுரண்டி எடுத்து, நீர்த்த எப்பாக்சியை ஊசி போட்டு உள்ளே செலுத்துவார்கள். வளைந்த வளையத்தை இறுக்கிப் பிடிக்க எந்தக் கிளாம்பும் சரிப்படாது. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிட நன்றாகச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. துண்டு காணாமல் போயிருந்தால் அதே மர இனத்தில், அதே நார்ப்போக்கில் புதுத் துண்டு செதுக்கிப் பதிக்க வேண்டும். இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். கருஞ்சிவப்பு மகோகனி என்று நினைத்தது, சாயம் ஏற்றிய வெளிர் மரமாக இருக்கலாம். ஆகவே கண்ணில் படாத ஓர் இடத்தில் வார்னிஷை எடுத்துப் பார்த்த பிறகே மரத்தைத் தேட வேண்டும்.

பழைய வார்னிஷை எடுக்க மிஷின் வேண்டாம். உரிப்பான் தடவி, மழுங்கிய சுரண்டியால் வழித்தால் போதும். உப்புத்தாளை எடுத்துவிட்டால் நிறுத்தத் தெரிய வேண்டும், அதுதான் சிக்கல். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் கை உடனே கண்டுபிடிக்கும். வளையம் மெலிந்துவிடும், மரம் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் படி விழும், கூர்மையாக இருக்க வேண்டிய கோடுகள் சோப்புக்கட்டி போல மழுங்கும். வியர்வைக் கறுப்பு முழுவதும் போகும்வரை தேய்த்தால் மரமே மிஞ்சாது. அந்தக் கறுப்பில் பாதியை விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. அது அழுக்கு இல்லை, அந்தக் காரின் வயது.

புது வார்னிஷ் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு, நடுவில் நுண்ணிய தாளால் லேசாகத் தடவி ஏற்றப்பட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் உள்ள, மரத்தோடு சேர்ந்து கொஞ்சம் நெகிழக்கூடிய வகை நல்லது. படகுகளுக்கு அடிக்கும் வார்னிஷ் இந்தக் குணத்துக்குப் பெயர் பெற்றது. தடித்த, இறுகிய பூச்சு முதல் வருடம் பிரமாதமாக இருக்கும். மரம் அசையும், அது அசையாது, அப்புறம் வெடிக்கும்.

மாஸ் பெட்டியின் மந்தம்

இனி கியர்பாக்ஸ். மாஸ் பெட்டிக்கு நல்ல பெயர் கிடையாது. மெதுவானது, முரடு, முதல் கியரில் ஊளையிடும் என்று 1961-லேயே திட்டு வாங்கியது. எல்லாம் உண்மை. ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால், எதைச் சரிசெய்ய வேண்டும், எதைச் சரிசெய்யவே கூடாது என்பது தெளிவாகும்.

ஊளையை எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. நேர்ப் பல் தன் முழு அகலத்தோடும் ஒரே நொடியில் மோதிச் சேர்கிறது. ஒவ்வொரு மோதலும் ஒரு சிறு தட்டு, வேகம் கூடினால் தட்டுகள் சேர்ந்து ஊளையாகிறது. சாய்த்து வெட்டிய பல் ஒரு முனையில் தொடங்கி வழுக்கிக்கொண்டு சேரும், அதனால் அமைதி. ஆகவே முதல் கியரில் வரும் ஊளை நோய் இல்லை, பிறவிக் குணம். மூன்றாம் கியரில் ஊளை வந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷும் கிடையாது. வேறுவேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உராய்வால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு பற்களைச் சேர்த்துவிடும் ஏற்பாடுதான் சிங்க்ரோமெஷ். அது இல்லையென்றால் வேகத்தை ஒப்பாக்கும் வேலை ஓட்டுநருடையது. கிளட்சை அழுத்தி நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு முறுக்கு, மறுபடி கிளட்ச், பிறகு கியர். நம் ஊரில் பழைய லாரியும் பஸ்ஸும் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 'டபுள் கிளட்ச்' என்று கேட்டால் காலாலேயே செய்து காட்டுவார்கள்.

மற்ற மூன்று கியர்களில் சிங்க்ரோமெஷ் இருந்தும் ஏன் மெதுவாக மாற்ற வேண்டும்? மாஸின் மந்தத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பின்னாளில் வந்த பெட்டிகளில் ஒரு தடுப்பு வளையம் இருக்கும். இரண்டு வேகமும் ஒன்றாகும்வரை அது குறுக்கே நின்று வழிவிடாது, எவ்வளவு அழுத்தினாலும் சரி. மாஸ் பெட்டியில் அந்தக் காவல்காரர் இல்லை. ஸ்பிரிங்கும் குண்டுகளும் தரும் அழுத்தத்தில், வேகத்தை ஒப்பாக்கும் இரண்டு கூம்பு வடிவப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசும். ஸ்பிரிங் தாங்கும் அளவுக்குமேல் தள்ளினால், வேகம் ஒப்பானதோ இல்லையோ, கியரைப் பூட்டும் நகரும் வளையம் நழுவிப் பற்களின்மேல் போய் விழும். 'கர்ர்' என்று சத்தம் வரும். கூம்புகள் தம் வேலையை முடிக்க ஒரு கணம் தேவை. அந்தக் கணத்தை ஓட்டுநர்தான் கொடுக்க வேண்டும். நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு விரல்களால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். முஷ்டியால் தள்ளினால் சண்டைதான். பழுது என்று பிரிக்கப்படும் மாஸ் பெட்டிகளில் சில, உண்மையில் ஓட்டும் கையின் பழுது என்றே நான் நினைக்கிறேன்.

கையைக் குற்றம் சொல்லும் முன் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று கிளட்ச். ஹைட்ராலிக் சிலிண்டர் கசிந்து கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் எந்தப் பெட்டியும் கரகரக்கும். இன்னொன்று ஆயில். சில நவீன கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானங்கள், வெண்கலம் பித்தளை போன்ற மஞ்சள் உலோகப் பாகங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும். மேலும், சிங்க்ரோமெஷ் வேலை செய்ய உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் கூம்புகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டிக்கு எஞ்சினுக்கு ஊற்றும் எஸ்ஏஇ 30 வகை ஆயிலே பழைய பரிந்துரை. "நல்ல, விலை கூடின ஆயில்" ஊற்றிக் கெட்டுப்போகிற கியர்பாக்ஸ் இது.

பெட்டியைத் திறக்க வேண்டிய காலமும் வரத்தான் செய்யும். ஈ-டைப்பில் அது சின்ன வேலை இல்லை. மூக்கு முழுவதுமான அந்த நீண்ட பானெட்டைக் கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே வெளியே எடுக்க வேண்டும். கிளட்ச் தட்டு மாற்றவும் இதே பாடுதான். எனவே ஒன்றுக்காக எடுத்தால் மற்றதையும் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

உள்ளே முதலில் களைத்துப் போவது லே ஷாஃப்ட். பெட்டியின் அடியில் படுத்திருக்கும் இந்தத் தண்டின்மேல் பற்கூட்டம் ஊசி ரோலர்களில் சுற்றுகிறது. எஞ்சினின் சுழற்சியை மாற்றாமல் நேராகவே கடத்தும் நான்காவது தவிர, மற்ற எல்லாக் கியர்களிலும் சுமை இதன் வழியாகத்தான் போகிறது. தண்டின் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தால் தண்டையும் ரோலர்களையும் மாற்றியே ஆக வேண்டும். இந்த ரோலர்கள் சிதறாமல் இருக்க, அசல் தண்டை உருவும்போதே அதே தடிமனில் ஒரு போலித் தண்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். லேத்தில் கடைந்துகொள்ளலாம். இது இல்லாமல் இறங்கியவர்கள் பட்டறைத் தரையில் உட்கார்ந்து ரோலர் பொறுக்குவார்கள்.

பற்களைப் பார்க்கும்போது அவசரம் கூடாது. கியர் பல்லின் மேற்பரப்பு மட்டும் ஒரு மெல்லிய தோல் அளவுக்குக் கடினமாக்கப்பட்டது. பளபளவென்று ஒரே சீராகத் தேய்ந்த பல் இன்னும் நெடுநாள் ஓடும். தோல் பெயர்ந்து குழி விழுந்த பல் வேகமாகக் கெடும். முதல் கியரின் முனைகள் பெரும்பாலும் சிதைந்திருக்கும், ஓடுகிற காரில் அதை வலுக்கட்டாயமாகத் தள்ளியவர்களின் கைங்கரியம். பேரிங்குகள், சீல்கள், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றலாம். அவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. பல்சக்கரங்களையும் பெட்டி உறையையும் முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். உறையிலும் மேல்மூடியிலும் கியர்பாக்ஸின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. காரின் அடையாளத் தகட்டிலும் உடல், எஞ்சின் எண்களோடு அந்த எண் இருக்கிறது. உறை, மூடி, தகடு மூன்றிலும் எண் ஒத்துப்போகும் கார், ஆலையிலிருந்து வந்தபடியே சேர்ந்து வாழ்ந்த கார். இன்னொரு பெட்டியின் மூடி நன்றாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால், அந்தச் சாட்சியில் பாதி அங்கேயே அழிந்தது.

ஐந்தாவது கியர்

1964 அக்டோபரில் 4.2 லிட்டர் ஈ-டைப் வந்தபோது, நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் உள்ள தன் சொந்தப் பெட்டியை ஜாகுவார் பொருத்தியது. குறை அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அப்படியிருக்க அதற்கு முந்திய, மாஸ் பெட்டி உள்ள 3.8 லிட்டர் கார் வைத்திருப்பவர் ஐந்து கியர் பெட்டி போட்டால் என்ன தப்பு? நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், சத்தம் குறையும், நெரிசலில் கால் வலிக்காது. அதிகம் ஓட்டுகிறவருக்கு இது நியாயமான தேவை. ஓட்டாமல் கூடத்தில் மூடி வைக்கப்பட்ட அசல் காரைவிட, ஐந்து கியரோடு சாலையில் ஓடும் கார் எனக்குப் பிடிக்கும்.

ஜாகுவாரே அப்படித்தான் செய்தது. ஈ-டைப்பின் 60-வது ஆண்டை ஒட்டி அந்த நிறுவனத்தின் பழைய கார் பிரிவு, ஆறு ஜோடி 3.8 லிட்டர் கார்களைப் புதுப்பித்துக் கொடுத்தது. ஜோடியில் ஒன்று டூயிஸ் ஓட்டிய 77 ஆர்டபிள்யூவின் நினைவாகச் செய்த பச்சைத் திறந்த கார். அதில் மர வளைய ஸ்டீயரிங்கை அப்படியே வைத்தார்கள், கியர்பாக்ஸை மட்டும் ஐந்து கியராக்கினார்கள். ஓர் உறுப்பை நினைவாகவும் மற்றதை இடைஞ்சலாகவும் பார்த்திருக்கிறார்கள். என்னால் அதோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த இரவில் டூயிஸின் இடக்கை செய்த வேலையை அந்தக் காரில் யாரும் இனி உணர முடியாது. அழகான கார், நினைவில் ஒரு பாதி குறைகிறது.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனம் என்ற ஒன்றை வைத்திருக்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964-ல் உருவான வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. பாதுகாத்தல் வேறு, புதுப்பித்தல் வேறு என்று அது பிரித்துச் சொல்கிறது. இன்றைய தேவைக்காக மாற்றம் செய்தால் அது குறைவாக இருக்க வேண்டும், திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் மனப்போக்கு. ஐந்து கியர் பெட்டிக்கு இதை வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. உடல் சட்டத்தை வெட்டாமல், கியர்பாக்ஸ் உட்காரும் நடுச்சுரங்கத்தைத் தட்டி அகலப்படுத்தாமல் பொருந்தும் பெட்டி என்றால் போடலாம். மாஸ் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. வார்ப்பிரும்பு உறை என்பதால் கனம் அதிகம், இடத்தை அடைக்கும், இருக்கட்டும். ஆயில் நிரப்பி, துளைகளை அடைத்து, காரின் எண் எழுதிய அட்டையைக் கட்டி மரப்பெட்டியில் வைக்க வேண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்த உடைந்த மரத்துண்டு, மாற்றிய லே ஷாஃப்ட், வார்னிஷை எடுக்கும் முன் எடுத்த போட்டோக்கள் ஆகியவையும் அந்தப் பெட்டிக்குள் போகலாம். கார் கைமாறும் நாளில் சாவியோடு அந்தப் பெட்டியையும் கொடுத்துவிட வேண்டும்.